ஒரே கேமராவில் படமும் வீடியோவும்: கையைக் கடிக்காமல் தேர்ந்தெடுக்கும் வழி

முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மெகாபிக்ஸல் எண்ணில் தொடங்குவார்கள். படம் நன்றாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். "வீடியோவும் எடுக்குமாம்" என்பதைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே கேமரா என்று முடிவானால், இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் வீடியோவைப் பாருங்கள்.

கடந்த பத்தாண்டுகளில் வந்த, லென்ஸ் மாற்றும் வசதியுள்ள ஏறக்குறைய எந்தக் கேமராவும் நல்ல படம் எடுக்கும். 24 மெகாபிக்ஸல் படம் என்பது 6000க்கு 4000 புள்ளிகள். 20 அங்குல அகலத்துக்கு உறுத்தாமல் பிரிண்ட் போடலாம். இதற்கு மேல் ஆரம்பத்தில் யாருக்கும் தேவைப்படாது. விலை குறைந்த மாடல்களில் நிறுவனங்கள் சிக்கனம் பிடிப்பது வீடியோவில்தான். பெட்டியின் மேல் "4கே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த 4கே எந்த நிபந்தனைகளோடு வருகிறது என்பது கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும்.

முதலில், கேமரா தேவைதானா?

பகல் வெளிச்சத்தில் ரீல்ஸ், வீட்டில் சமையல் வீடியோ, பயணப் படங்கள் என்று மட்டும் இருந்தால் கையில் இருக்கும் போனே போதும். அதற்கு ஒரு மைக்கும் சின்ன ட்ரைபாடும் வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும். போன் திணறும் இடங்கள் வேறு: பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் குழந்தையை எடுப்பது, மங்கலான மண்டபம், ஓடும் ஆட்டக்காரர், பறவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓட வேண்டிய ரெக்கார்டிங், ஃபிளாஷ் போட வேண்டிய இரவு விழா. இவற்றில் குறைந்தது இரண்டு உங்களுக்கு அடிக்கடி வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

எதை எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

"எல்லாம்தான்" என்று சொல்லாதீர்கள். அடுத்த ஒரு வருடத்தில் நிச்சயமாக எடுக்கப்போகும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். லென்ஸை அதுதான் முடிவுசெய்யும்; லென்ஸ்தான் செலவை முடிவுசெய்யும்.

பட்ஜெட் கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. இது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது. லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண்ணை கேனானில் 1.6 ஆலும், சோனி, நிகான், ஃபியூஜியில் 1.5 ஆலும் பெருக்கினால் அது எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பதை ஃபுல் ஃபிரேம் கணக்கில் ஒப்பிடலாம். எண் சிறிதானால் காட்சி அகலம். சோனி, நிகான் கிட் லென்ஸ்களின் (கேமராவோடு சேர்த்தே விற்பவை) 16 மி.மீ. முனை 24 ஆகிறது. கேனானின் 18 மி.மீ. முனை 29 ஆகிறது. கையை நீட்டி உங்களை நீங்களே எடுக்கும்போது இந்த ஐந்து மி.மீ. பெரிய விஷயம். 29இல் முகம் ஃபிரேமை அடைத்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் கோபுரம் தெரியாது.

தூரத்துக்கு வந்தால், வேடந்தாங்கலில் பறவை எடுக்கவோ பள்ளி ஆண்டுவிழாவைப் பின்வரிசையிலிருந்து எடுக்கவோ 200 மி.மீ.க்கு மேல் போகும் இரண்டாவது லென்ஸ் வேண்டும். நிகானின் 50-250, கேனானின் 55-210, சோனியின் 55-210 ஆகியவை இந்த வேலைக்கானவை. இருட்டு மண்டபத்தில் இவை திணறும் என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்துக்கு எஃப் 1.8 போன்ற அகலத் துவாரம் உள்ள, ஜூம் இல்லாத லென்ஸ்தான் சரி. எஃப் எண் சிறிதானால் துவாரம் அகலம்.

வீடியோவுக்கான கேள்விகள்

மாடல் பெயரைப் பார்க்கும் முன் இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் நிறுவனத்தின் இணையதளத்தில், தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் இருக்கும். கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

4கே எடுக்கும்போது படம் வெட்டுப்படுகிறதா? இதைக் கிராப் என்பார்கள். கேனான் 200டி மார்க் 2, ஆர்100 இரண்டிலும் 4கே உண்டு. ஆனால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதால் 18 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 45 மி.மீ. போலப் பார்க்கும். சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் இருவரை ஃபிரேமுக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

4கேயிலும் ஆட்டோஃபோகஸ் முழுதாக வேலை செய்கிறதா? அதே இரண்டு மாடல்களிலும் கேனானின் டூயல் பிக்ஸல் ஃபோகஸ் ஃபுல் எச்டியில் மட்டும்தான். 4கேக்கு மாறினால் பழைய காண்ட்ராஸ்ட் முறைக்குப் போய்விடும். நடந்து வரும் ஆளின் முகம் தெளிவதும் மங்குவதுமாக இருக்கும். அதற்காக இந்தக் கேமராக்களை ஒதுக்க வேண்டியதில்லை. ஃபுல் எச்டி போதும் என்பவருக்கு 200டி மார்க் 2 இன்றும் நல்ல கேமரா. ஆனால் "4கே இருக்கிறதே" என்று நினைத்து வாங்கக் கூடாது.

மைக் செருகும் துளை இருக்கிறதா? கேனான் 1500டியில் இல்லை. சோனி ஏ6000இலும் இல்லை. இரண்டும் படத்துக்கு அருமையானவை. பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. பேசும் வீடியோ எடுப்பவர் இவற்றைத் தொட வேண்டாம். கேமராவின் உள் மைக் லென்ஸ் மோட்டார் சத்தத்தையும் மின்விசிறியையும் சேர்த்து வாங்கும். பார்க்கிறவர்கள் கொஞ்சம் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், இரைச்சலைப் பொறுக்க மாட்டார்கள்.

திரை முன்பக்கம் திரும்புமா? தனியாக எடுக்கிறவருக்கு இது கட்டாயம். ஆர்100இல் திரை அசையாது, தொடுதிரையும் இல்லை.

எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும்? பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பியச் சுங்கத்தில் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி போட்டதால் வந்த வரம்பு அது. அரங்கேற்றத்தில் வர்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா நின்றால் வரி விவரம் சொல்லிச் சமாளிக்க முடியாது. புதிய மாடல்களில் வரம்பு தளர்ந்திருக்கிறது. ஆனால் சூடேறினால் தானாக அணைந்துவிடும் என்பது நம் ஊர் மே மாதத்தில் இன்னொரு வரம்பு.

கடைசியாக ஒன்று. படத்திலிருந்து வீடியோவுக்கு எத்தனை நொடியில் மாற முடிகிறது? தாலி கட்டும் நேரத்தில் படம் எடுத்துவிட்டு உடனே வீடியோவுக்குப் போக வேண்டும். ஆடுகிறவரைப் படமெடுக்க ஷட்டர், அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரம், 1/250 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்க வேண்டும். வீடியோவுக்கு 1/50 போதும். மாறும்போது கேமரா இரண்டு அமைப்புகளையும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் நீங்களே சக்கரத்தைச் சுழற்ற வேண்டுமா? கடையில் கையில் வாங்கி இதைக் கட்டாயம் செய்துபாருங்கள். "வீடியோவிலிருந்தே படத்தை எடுத்துக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். ஒரு 4கே ஃபிரேம் எட்டு மெகாபிக்ஸல்தான். 1/50இல் எடுத்த ஃபிரேமில் அசையும் கை கலங்கியே இருக்கும்.

இப்போது மாடல்கள்

கிட் லென்ஸோடு சுமார் 55 முதல் 75 ஆயிரம் ரூபாய் வட்டத்தில், மேலே கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பதில் தரும் மூன்று கேமராக்கள் உண்டு. விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். பண்டிகைச் சலுகைகளைக் கவனியுங்கள்.

கேனான் ஆர்50, 2023இல் வந்தது. கிராப் இல்லாத 4கே, முகத்தையும் கண்ணையும் விடாமல் பிடிக்கும் ஃபோகஸ், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர், உள்ளேயே ஒரு சின்ன ஃபிளாஷ். படமும் வீடியோவும் சரிபாதி என்பவருக்கு என் தேர்வு இதுதான். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது: தலையில் உள்ள ஃபிளாஷ் மாட்டும் இடம் புது வகை. வீட்டில் பழைய ஃபிளாஷ் இருந்தால் நேரடியாக வேலை செய்யாது, தனி அடாப்டர் வாங்க வேண்டும். கிட் லென்ஸும் எஃப் 4.5இல் தொடங்குகிறது, மண்டபத்துக்குப் பற்றாது.

சோனி இசட்வி-இ10, 2021இல் வந்தது. மைக் துளையோடு ஹெட்போன் துளையும் உண்டு. மற்ற இரண்டிலும் ஹெட்போன் துளை இல்லை. பதிவாகும் ஒலியைக் காதில் கேட்டுக்கொண்டே எடுப்பது பேட்டி எடுப்பவருக்குப் பெரிய நிம்மதி. சோனியின் லென்ஸ் மாட்டும் வளையமான இ மவுண்ட்டுக்குச் சிக்மா போன்ற பிற நிறுவனங்களின் லென்ஸ்களும் ஏராளம். நாளைக்கு வளர இடம் உண்டு. குறை: வியூஃபைண்டர் இல்லை. உச்சி வெயிலில் திரை தெரியாமல் கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். கேமராவை வேகமாகத் திருப்பினால் தூண்களும் கட்டடங்களும் சாய்ந்து ஓடும். இதை ரோலிங் ஷட்டர் என்பார்கள், 4கேயில் இந்தக் கேமராவில் கொஞ்சம் அதிகம். ஓடும் பேருந்து ஜன்னலிலிருந்து எடுப்பதானால் ஃபுல் எச்டிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நிகான் இசட்30, 2022இல் வந்தது. வியூஃபைண்டர் இதிலும் இல்லை. கையில் பிடிக்க மூன்றிலும் இதுவே வசதி என்பது என் கருத்து. கிராப் இல்லாத 4கே, மின்சாரத்தில் செருகி வைத்தால் ஃபுல் எச்டியில் இரண்டு மணி நேரம் வரை தொடர்ந்து பதிவு செய்யும் வசதி, படத்துக்கும் வீடியோவுக்கும் தனி நெம்புகோல். கச்சேரி, நடனம், கருத்தரங்கு எடுப்பவர் இதை முதலில் பார்க்கலாம்.

மூன்றிலும் இல்லாத ஒன்று, சென்சாரையே அசைத்து ஆட்டத்தைக் குறைக்கும் வசதி. லென்ஸில் உள்ள நிலைப்படுத்தி நின்று எடுக்கும்போது உதவும். நடந்துகொண்டே எடுக்க உதவாது. மின்னணு நிலைப்படுத்தலை இயக்கினால் படம் இன்னும் வெட்டுப்படும். நடந்தபடி எடுப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் ஜிம்பல் (ஆட்டத்தைச் சமன்செய்யும் கைப்பிடி) செலவையும் கணக்கில் சேருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால்

பட்ஜெட் 40 ஆயிரத்துக்குக் கீழே என்றால் புது கேமராவின் அடிமட்ட மாடலைவிட, ஒரு படி மேலான பழைய கேமராவையே சொல்வேன். கேனான் 200டி மார்க் 2 ஃபுல் எச்டிக்கு நன்றாக உழைக்கும். கேனான் எம்50 வகைகளும் கிடைக்கும். ஆனால் அந்த இஎஃப்-எம் வரிசையைக் கேனான் நிறுத்திவிட்டது, அதன் லென்ஸ்கள் புது ஆர் வகைக் கேமராக்களில் மாட்டாது. 200டியின் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர் கேமராவில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். இரண்டு வருடம் கழித்து லென்ஸை வைத்துக்கொண்டு கேமரா உடலை மட்டும் மாற்றலாம் என்று நினைப்பவருக்கு இது முக்கியம்.

கல்யாண சீசன் முழுக்க ஸ்டுடியோவில் ஓடிய கேமராவுக்கும் வீட்டு அலமாரியில் தூங்கிய கேமராவுக்கும் விலை ஒன்றாக இருக்கலாம், ஆயுள் ஒன்றல்ல. நிகானில் ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை முறை படம் எடுத்தது என்பது, படக் கோப்பிலேயே பதிவாகும். கணினியில் போட்டால் தெரியும். கேனானில் பெரும்பாலும் அப்படிக் கிடைக்காது. ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர் ஷட்டர்கள் பொதுவாக ஒரு லட்சம் அழுத்தலுக்கு உழைக்கும் என்று கணக்கிடுவார்கள். 60 ஆயிரம் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

லென்ஸைக் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, ஒரு பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோரங்களில் இருந்து வரும் லென்ஸ்களில் சகஜம். எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். அடுத்து, எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள்; கரும்புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசு. தூசு என்றால் சுத்தம் செய்யலாம், கீறல் என்றால் முடியாது. மைக் துளையில் ஒரு மைக்கைச் செருகி ஆட்டிப் பாருங்கள், கரகரப்பு வரக்கூடாது. உடலின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று ஒத்துப்பாருங்கள். பில் இல்லை என்றால் அது திருட்டுக் கேமராவாக இருக்கும் அபாயத்தையும் நீங்களே சுமக்கிறீர்கள்.

பில் இல்லாமல் "வெளிநாட்டு சரக்கு" என்று புதுக் கேமராவே சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். இந்திய வாரண்டி இல்லாமல் போவதற்குத் தயாரென்றால் மட்டும் வாங்குங்கள். அதிலும் ஜப்பான் சந்தைக்கான சோனி என்றால் மெனு முழுக்க ஜப்பானிய மொழியில்தான் இருக்கும்.

பணத்தைப் பிரிக்கும் விதம்

கையில் 80 ஆயிரம் இருந்தால் 80 ஆயிரத்துக்குக் கேமரா வாங்காதீர்கள். கால் பங்கைத் தனியே எடுத்துவையுங்கள்.

அதில் முதல் செலவு மைக். ஆறு மீட்டர் கம்பியோடு வரும் போயா எம்1 போன்ற காலர் மைக் மிக மலிவு. உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு அதுவே போதும். நடமாட்டம் இருந்தால் வயர்லெஸ். இரண்டாவது, கூடுதல் பேட்டரி. இந்தச் சின்ன உடல்களில் சின்ன பேட்டரிதான். வீடியோ எடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மெமரி கார்டில் வி30 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் உறுதி அது. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட்தான், அதனால் வி30 தாராளம். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு சுமார் 80 நிமிடம் தாங்கும். பெரிய ஒரே கார்டைவிட நடுத்தரமாக இரண்டு நல்லது. போலி கார்டுகள் ஏராளமாக உலவுவதால், வாங்கியதும் ஒருமுறை முழுதாக நிரப்பி, எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ட்ரைபாடில் மிகவும் மலிவானதை வாங்காதீர்கள், காற்றுக்கே ஆடும். இவை முடிந்து மிச்சமிருந்தால் எஃப் 1.8 வகை லென்ஸ் ஒன்று.

வெளியில் வீடியோ எடுப்பவருக்கு ஒரு சின்னப் பொருள் கூடுதலாக வேண்டும்: என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்குக் கருப்புக் கண்ணாடி. காரணம் எளிய கணக்கு. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 16, ஷட்டர் 1/100 என்பது சரியான வெளிச்சம். வீடியோவுக்கு ஷட்டரை 1/50இல் நிறுத்தி, பின்னணி மங்க எஃப் 2.8க்குத் திறந்தால் ஆறு ஸ்டாப் வெளிச்சம் அதிகம். ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு, ஆகவே 64 மடங்கு. என்டி 64 ஃபில்டர் அதை விழுங்கும். வாங்கும் முன் உங்கள் லென்ஸின் ஃபில்டர் அளவைப் பாருங்கள். லென்ஸ் முகப்பில் எழுதியிருக்கும்.

கடையில் செய்ய வேண்டியது

உங்கள் சொந்தக் கார்டை எடுத்துப் போங்கள். 4கேயில் வைத்து, கடைக்காரரையே உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லி எடுங்கள். பிறகு நீங்கள் நடந்து எடுங்கள். கடையின் இருண்ட மூலையில் சில படங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத் தெரியும். அன்றே வாங்க வேண்டும் என்று அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள். இரண்டு மாடல்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லை என்றால், அந்தக் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒரு குடும்ப விழாவில் பயன்படுத்திப் பாருங்கள். பெரிய ஊர்களில் வாடகைக் கடைகள் உண்டு, அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள்.

வாங்கி வந்த அன்றே மாற்ற வேண்டியவை

கேனான், சோனி மெனுவில் என்டிஎஸ்சி, பிஏஎல் என்று இரண்டு டிவி முறைகள் இருக்கும். பிஏஎல் தேர்ந்தெடுங்கள். நிகானில் நேரடியாக 25 ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மினுங்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் அந்த மினுங்கல் வீடியோவில் தெரியாது. 30 ஃபிரேம், 1/60 என்று விட்டுவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். எடுத்த பிறகு சரிசெய்வது பெரும்பாடு. இசட்வி-இ10 வைத்திருப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் லாபம்: 30 ஃபிரேமில் 4கே கொஞ்சம் வெட்டுப்படும், 25இல் சென்சாரின் முழு அகலமும் கிடைக்கும். மண்டப மேடைகளில் உள்ள பெரிய எல்இடி திரைகளும் சில அலங்கார விளக்குகளும் மட்டும் 50 ஹெர்ட்ஸுக்கு அடங்காமல் வேறு வேகத்தில் மினுங்கும். அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

சோனியில் சூடேறினால் அணையும் அமைப்பை "ஹை" என்று மாற்றிக்கொள்ளுங்கள். ட்ரைபாடில் வைத்து நீளமாக எடுக்கும்போது உதவும். படத்துக்கு ரா கோப்பும் (பிறகு திருத்த வசதியான மூலப் பதிவு) ஜேபெக்கும் சேர்த்துப் பதிவாகும்படி வையுங்கள். ரா கோப்பை இன்று திறக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வீர்கள், அப்போது கையில் இருக்கும்.

கேமராப் பையை அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அது வசதி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மலிவான ஈரப்பதமானி ஒன்று. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்தோ மாற்றியோ போடுங்கள். மழைக்காலத்தில் இதை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.